கிணற்றுக்குள் மெசின் இறக்குவதற்கு முன்

ஆவணி, புரட்டாதியில் வன்னிக் கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய்விடும், இறைத்துச் சேறு அள்ளுகிற வேலையும் அப்போதுதான் வரும். மேலே வைத்த, மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடுகிற தண்ணீர் இறைக்கும் மெசின் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது, காற்றழுத்தம் தள்ளிவிடும் உயரம் நடைமுறையில் அவ்வளவுதான். உடனே மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கரண்ட் இருந்தால் தண்ணீருக்குள் இறக்கும் மோட்டரை வாடகைக்கு எடுங்கள் (ஆள் இறங்கும்போது அதன் கரண்டையும் கழற்றிவிடுங்கள்), இல்லையென்றால் வாளியால் அள்ளுங்கள், ஒரு நாள் கூடப் போனால் போகட்டும்.

மெசினில் மண்ணெண்ணெயோ பெற்றோலோ எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மூளை பட்டினி கிடக்கும். விளக்கை இறக்கிப் பார்த்து "அணையவில்லை, இறங்கலாம்" என்று சொல்கிற பழைய சோதனை இதற்கு உதவாது. ஆளைச் சாய்க்கிற அளவு வாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

எந்தக் கிணறானாலும் இறங்குபவர் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், மறுமுனையை மேலே இரண்டு பேர் பிடித்திருக்கட்டும். ஆள் சுருண்டால் இழுப்பதற்குத்தான் கயிறு. தம்பி விழுந்தான் என்று அண்ணன் இறங்கினால் இரண்டு பேரையும் இழக்க வேண்டி வரும்.

வெளியே எடுத்ததும் மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சில்லையா? ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடிக்கட்டும், மற்றவர் நெஞ்சின் நடுவே 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரிந்தவர் என்றால் 30 அழுத்தலுக்கு 2 ஊதல். ஒட்சிசன் முழுதாக நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளைக் கலங்கள் சாகத் தொடங்கும், ஒட்டுசுட்டானுக்கோ துணுக்காய்க்கோ அதற்குள் வாகனம் வந்து சேரும் என்று நம்பி நிற்க முடியாது.

அப்புறம் ஒன்று. ஆள் எழும்பித் தேத்தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், "கிணற்றுக்குள் மெசின் ஓடினது" என்று முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி இந்த வாயுவையும் ஒட்சிசன் என்று எண்ணி நல்ல இலக்கத்தையே காட்டும். நல்லாகி வீடு வந்தவருக்குச் சில நாளிலிருந்து ஐந்தாறு வாரத்துக்குள் மறதி, தள்ளாட்டம், காரணமில்லாத கோபம் வரலாம். பேய் பிடித்தது, குடிக்கிறான் என்று முடிவு கட்டாமல், ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டோடு திரும்பவும் டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.