பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? பைண்ட் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே வந்த முதல் வாரம், கடையில் ஒரு பால் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். லேபிளில் 2.272 லிட்டர் என்றிருந்தது. யாராவது இப்படியொரு அளவில் பால் அடைப்பார்களா? பக்கத்திலேயே ‘4 பைண்ட்’ என்று போட்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

ஒரு பைண்ட் 568 மில்லி. நம் ஊர் அரை லிட்டர் பாக்கெட்டோடு ஒரு சின்ன டம்ளர் காபிக்கான பாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சில கடைகளில் 4 பைண்ட் குடுவைக்குப் பக்கத்திலேயே 2 லிட்டர் குடுவையும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கால் லிட்டருக்கு மேல் வித்தியாசம். அலமாரிச் சீட்டில் பொடி எழுத்தில் லிட்டருக்கு என்ன விலை என்று இருக்கும். அதைப் பார்த்து எடுங்கள். தயிர் கெட்டியாக உறைய வேண்டுமென்றால் நீல மூடி. பச்சை மூடி பெரும்பாலும் பாதிக் கொழுப்பு எடுத்த பால், சிவப்பைத் தயிருக்கு நினைக்கவே வேண்டாம்.

எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு அடுத்த கணக்கு எளிது: எட்டு பைண்ட் ஒரு கேலன், அதாவது 4.546 லிட்டர். பெட்ரோலை லிட்டரில்தான் விற்கிறார்கள். ஆனால் கார் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டால் கேலனுக்கு இத்தனை மைல் என்பார்கள்! பழைய கார் வாங்கப் போனால் அந்த எண்ணை 2.8ஆல் வகுத்துப் பாருங்கள். 40 மைல் என்றால் லிட்டருக்கு 14 கிலோமீட்டர்.

பப்பில் பீர் பைண்ட், அரை பைண்ட். பழைய சமையல் புத்தகத்தில் ‘கில்’ என்று வந்தால் கால் பைண்ட்.

அமெரிக்கச் சமையல் குறிப்பில் வரும் பைண்ட் வேறு, 473 மில்லிதான். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டன் தன் கேலனை மாற்றிக்கொண்டது. அமெரிக்கர்கள் பழைய ஒயின் கேலனை விடவில்லை. இது தெரியாமல் ஒரு தீபாவளிக்குப் பாயசத்தைத் தண்ணீராக்கியிருக்கிறேன்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால் புட்டியில் அவுன்ஸ், மில்லி இரண்டு கோடுகளும் இருக்கும். ஒரு அவுன்ஸ் 28 மில்லிக்குச் சற்று மேல். பால்மாவு கலக்கும்போது மில்லிக் கோட்டையே பாருங்கள். மருந்துக்குக் கூடவே கொடுக்கும் சிரிஞ்சு இருக்கிறது; சமையலறை ஸ்பூன் வேண்டாம்.