வீட்டையும் சேர்த்துக்கொண்டு 21 கி.மீ.: வடசென்னையில் அரை மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

நம் ஏரியாவில் பாக்ஸிங், கேரம், ஃபுட்பால் என்றால் வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விடியற்காலையில் எழுந்து தனியாக ரோட்டில் ஓடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "எவன் துரத்துறான் உன்னை?" என்றுதான் முதல் கேள்வி வரும். வரட்டும். ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் முதல்முறையாக அரை மாரத்தான், அதாவது 21.1 கி.மீ., ஓட நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளைப் பார்த்தால் ஓடுகிறவர் தனிக்கட்டை, அவருக்கு வேறு வேலையே இல்லை என்கிற மாதிரி இருக்கும். ஒரே பெட்ரூமில் நாலைந்து பேர் படுத்து எழும் வீட்டில் அது நாலு நாள்கூடத் தாங்காது.

படி 1: வீட்டில் பேசி முடியுங்கள்

"எனக்கு சப்போர்ட் பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள், மூன்றாவது வாரம் சண்டை வரும். என்ன வேலை, எந்த நாள், யார் செய்வது என்று பிரித்துக் கேளுங்கள். உதாரணத்துக்குத் தண்ணீர். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு இன்னும் விடிகாலையில் அடிபம்பு அடித்தால்தான் அன்றைய தண்ணீர், நீங்கள் ஓடக் கிளம்பும் நேரமும் அதேதான். வாரத்தில் மூன்று நாள் அந்த வேலையைத் தம்பியோ மனைவியோ செய்வதாக இருந்தால், அதற்கு ஈடாக அவர்களுடைய வேலை ஒன்றை, ராத்திரி பாத்திரமோ பிள்ளைகளின் வீட்டுப்பாடமோ, நீங்கள் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். எடுக்காமல் விட்டால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் அலாரம் அடிக்கும்போது உங்களை எழுப்பவும் மாட்டார்கள்.

தூக்கமும் இதில்தான் வருகிறது. நாலரை மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும், ஹாலில் டிவி ஓடினால் முடியாது. சனிக்கிழமை இரவு மட்டுமாவது டிவியை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், எல்லா நாளும் கேட்காதீர்கள்.

ராகுகாலம் எமகண்டம் போட்ட மாதக் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது, அட்டவணையை அதிலேயே எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அக்கா பையனுக்கு. ஓடிய தூரத்தைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுவான், ஓடாமல் தூங்கிவிட்டால் அந்தக் கட்டம் முழுக்கச் சிவப்பில் பெரிய முட்டை போடுவான். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு விசாரிப்பார்கள். எந்த ஆப்பும் இவ்வளவு வேலை செய்யாது.

படி 2: உடம்பும் ஷூவும்

நாற்பதைத் தொட்டவர்கள், சுகர், பிபி இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிபி, சுகர் பார்க்கலாம். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் வேண்டும். நடைபாதையில் கிடைக்கும் பிராண்டு பெயர் ஒட்டிய ஷூ நடக்க ஓகே, ஓட வேண்டாம்.

படி 3: பதினாறு வாரக் கணக்கு

ஜனவரி போட்டி என்றால் செப்டம்பர் நடுவில் தொடங்குங்கள். நிற்காமல் முக்கால் மணி நேரம் நடக்க முடிந்தால் போதும், தொடங்கலாம். வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன் அரை மணி நேரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வரலாம். வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான், ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம்.

ஞாயிறு நீள ஓட்டம், இதுதான் முக்கியம். வாரவாரியாகக் கி.மீ. கணக்கு இப்படி: 4, 5, 6, 5, 7, 8, 9, 7, 10, 12, 13, 10, 15, 17, 10, அப்புறம் போட்டி. நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைவது சோம்பேறித்தனம் இல்லை, எலும்பும் தசைநாரும் தேற அந்த இடைவெளி வேண்டும். பயிற்சியில் 21 ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

அக்டோபரிலிருந்து மழை வந்துவிடும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் ஓடாதீர்கள், மூடி இல்லாத பாதாளச் சாக்கடை அடியில் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த வாரத்தோடு சேர்த்து ஓடவும் வேண்டாம். போனது போனதுதான்.

படி 4: எங்கே ஓடுவது

எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இருட்டில் அங்கே ஓடுவது ஆபத்து. காசிமேட்டுப் பக்கம் ஞாயிறு விடிகாலையில் மீன் வாங்கக் கூட்டம் அலைமோதும், அங்கேயும் முடியாது. வாரநாட்களில் பக்கத்து மைதானமோ பூங்காவோ போதும். ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949-ல் திமுகவின் தொடக்க விழா நடந்த அதே பூங்காதான், இப்போது அண்ணா பெயரில் இருக்கிறது.

பத்தைத் தாண்டும் ஞாயிறுகளில் மெரினாவுக்குப் போய்விடுங்கள். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பினால் ஆறு, ஏழு கி.மீ. கிடைக்கும், வெளிச்சமும் உண்டு, ஆட்களும் உண்டு. பெண்கள் தனியாகக் கிளம்பத் தயங்கினால் வீட்டில் ஒருவர் ஸ்கூட்டியில் கூடவே வரட்டும், தண்ணீர் பாட்டிலும் அதிலேயே இருக்கும். மணலி, எண்ணூர்க்காரர்களுக்கு ஒன்று: காற்றில் கெமிக்கல் நெடி தெரிந்தால் அன்று ஓட்டம் கிடையாது. 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் ராத்திரியில் வீட்டைவிட்டு ஓடியதை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

படி 5: சாப்பாடு, தண்ணீர்

கிளம்புவதற்கு முன் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி. வந்ததும் முட்டை, சுண்டல், கேழ்வரகுக் கஞ்சி. தனிச் சமையல் கேட்டு அம்மாவை வாட்டாதீர்கள், வீட்டில் செய்கிற மீன் குழம்பும் சோறுமே நல்ல சாப்பாடுதான். நீள ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), பிரியாணி பக்கம் போகாதீர்கள். காலையில் பத்தாவது கி.மீ.யில் பாத்ரூம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்பு சூடு இறங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டம் தட்டி அளந்து போடுங்கள். பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும், தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடும்போது தலை சுற்றினாலோ, குளிர் எடுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ நின்றுவிடுங்கள்.

படி 6: போட்டி நாள்

புது ஷூ, புது சாக்ஸ், புது பனியன் எதுவும் அன்று வேண்டாம். சாலைகளை மறித்திருப்பார்கள், யார் கொண்டுபோய் விடுவது, எந்த இடத்தில் சந்திப்பது என்று முந்தின நாளே முடிவு செய்யுங்கள்.

வீட்டு ஆட்கள் கிளம்பும் இடத்தில் வந்து நிற்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை, அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பதினைந்து, பதினாறாவது கி.மீ.யில் நிற்கச் சொல்லுங்கள், கால் கேட்காமல் போவது அங்கேதான். முக்கியமாக, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் கத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். எவ்வளவு பாக்கி என்று ஓடுகிறவருக்குத் தெரியும், கேட்டால் எரிச்சல்தான் வரும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். கையில் ஒரு துண்டு, காய்ந்த சட்டை, செருப்பு.

முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை பிய்ந்துபோகும், அது இயல்பு, ஒரு வாரம் நடை மட்டும் போதும். ஆனால் ஒரே இடத்தில் குத்தி வலித்து, அந்த வாரத்திலும் அடங்காவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். 42 கி.மீ. பேச்சை மாதம் முடிகிற வரைக்கும் வீட்டில் எடுக்காதீர்கள், அதற்குள் பாக்கி இருக்கும் பாத்திரக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.