ரெடிஸ் பழகுவோம்: ஒவ்வொரு கீக்கும் ஓர் ஆயுள்

ரெடிஸ் என்பது டேட்டாவை மெமரியிலேயே வைத்து வேகமாகத் தரும் டேட்டாபேஸ். அதில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு கீயின், அதாவது ஒரு பெயரின், கீழ் இருக்கும். எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் ரெடிஸ் என்றதுமே பைதானிலோ நோடிலோ ஒரு லைப்ரரியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நான் அதை மூடச் சொல்லிவிடுவேன். முதல் வாரம் டெர்மினல் மட்டும்தான். ரெடிஸோடு வரும் ‘ரெடிஸ்-சிஎல்ஐ’ என்ற டெர்மினல் கருவியில் கையால் தட்டிப் பழகியவர்களுக்கு, பிறகு எந்த மொழியில் எழுதினாலும் உள்ளே நடப்பது புரிந்துகொண்டே இருக்கும்.

உபுண்டுவில் ஆப்ட் மூலம் ‘ரெடிஸ்-சர்வர்’ நிறுவினால் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அதையே செய்யுங்கள். டாக்கரில் ஓட்டுவதானால் போர்ட்டை ‘127.0.0.1:6379:6379’ என்று முழுதாகக் கொடுங்கள். வெறும் ‘6379:6379’ கொடுத்தால் மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துகொள்ளும். அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் ‘ப்ரொடெக்டட் மோட்’ அணைந்திருப்பதால், பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் உள்ளே வந்துவிட முடியும். சிலர் வால்கீ நிறுவியிருப்பீர்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் உரிமத்தை மாற்றியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது அது. இங்கே சொல்லும் கட்டளைகள் எல்லாம் அதிலும் ஓடும்.

கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘பிங்’ கொடுத்து ‘பாங்’ வந்தால் சர்வர் தயார்.

முதலில் ஒரு ஓடிபி வைப்போம்:

செட் ஓடிபி:1042 7318 இஎக்ஸ் 120

120 வினாடி ஆயுளோடு ஒரு மதிப்பு உள்ளே போய்விட்டது. இப்போது ‘டிடிஎல் ஓடிபி:1042’ என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். 114, 109, 103 என்று இறங்கிக்கொண்டே வரும். நேரம் முடிந்ததும் மைனஸ் 2 வரும். கீயே இல்லை என்று அர்த்தம். மைனஸ் 1 வந்தால் கீ இருக்கிறது, ஆனால் அதற்கு ஆயுள் எதுவும் வைக்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். புரொடக்‌ஷனில் மெமரி ஏறிக்கொண்டே போகிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் தேடுவது மைனஸ் 1 கீக்களைத்தான்.

அப்படியொரு கீ தெரியாமலே உருவாகும் விதத்தையும் பார்த்துவிடுங்கள். மேலே உள்ள கட்டளையை மறுபடி கொடுங்கள். உடனே, இஎக்ஸ் இல்லாமல் ‘செட் ஓடிபி:1042 5520’ என்று கொடுத்து டிடிஎல் கேளுங்கள். மைனஸ் 1! வெறும் செட், மதிப்போடு சேர்த்துப் பழைய ஆயுளையும் அழித்துவிடும். மதிப்பை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கடைசியில் ‘கீப்டிடிஎல்’ சேர்க்க வேண்டும்.

அடுத்து ‘இன்க்ர்’. ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடிபி கேட்கலாம் என்று கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை. ‘இன்க்ர் கேட்டது:1042’ கொடுத்தால் 1, மறுபடி கொடுத்தால் 2. ரெடிஸ் கட்டளைகளை ஒன்று முடிந்து ஒன்றாகத்தான் நிறைவேற்றும். அதனால் நூறு பேர் ஒரே சமயத்தில் கூட்டினாலும் கணக்கு தப்பாது. ஒவ்வொரு இன்க்ருக்குப் பிறகும் ‘எக்ஸ்பயர் கேட்டது:1042 60 என்எக்ஸ்’ கொடுங்கள். ஆயுள் இல்லாதபோது மட்டும் வைக்கச் சொல்வது அந்த என்எக்ஸ் (7.0 பதிப்பிலிருந்து உண்டு). பலர் எண்ணிக்கை 1 ஆக இருக்கும்போது மட்டும் எக்ஸ்பயர் வைப்பார்கள். இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே புரோகிராம் விழுந்தால் அந்தக் கீ காலத்துக்கும் நிற்கும், எண்ணிக்கை வரம்பைத் தொட்டபின் பாவம் அந்தப் பயனருக்கு ஓடிபியே வராது. என்எக்ஸ் வைத்தால் அடுத்த கோரிக்கையிலேயே சரியாகிவிடும்.

ஒவ்வொன்றாக ஓடுவதால்தான் ‘கீஸ் *’ கட்டளையை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். லட்சக்கணக்கான கீக்கள் உள்ள சர்வரில் அது எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ‘ஸ்கேன் 0’ என்று தொடங்கி, அது தரும் எண்ணை வைத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். மறுபடி 0 வந்தால் சுற்று முடிந்தது.

தமிழில் கீயோ மதிப்போ வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. இங்கே மட்டும் ஊர், மதுரை இரண்டையும் தமிழ் எழுத்திலேயே தட்டி, ‘செட் ஊர் மதுரை’ கொடுத்து, பிறகு ‘கெட் ஊர்’ கேட்டால் மதுரைக்குப் பதில் பின்சாய்வுக்கோடுகளும் எண்களுமாக ஏதோ வரும். பயப்படாதீர்கள், டேட்டா கெடவில்லை. வெளியே வந்து ‘ரெடிஸ்-சிஎல்ஐ --ரா’ என்று திறந்தால் மதுரை மதுரையாகவே தெரியும். ‘எஸ்டிஆர்லென் ஊர்’ என்று கேட்டுப் பாருங்கள்: 15. ரெடிஸ் எண்ணுவது பைட்டை. ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட். அதனால் தமிழ் உரையை ‘கெட்ரேஞ்ச்’ போட்டு வெட்டாதீர்கள், எழுத்து நடுவில் உடையும்.

ஹேஷ், லிஸ்ட், செட் (மேலே பார்த்த கட்டளை அல்ல) என்ற மதிப்பு வகைகளை ஆளுக்கு அரைமணி நேரம் தட்டிப் பார்த்தாலே பிடிபடும். ஒரு கீயில் லிஸ்ட் இருக்கும்போது ‘கெட்’ கொடுத்தால் ‘ராங்டைப்’ என்று பிழை வரும், அவ்வளவுதான். எனக்கு மிகப் பிடித்தது, உள்ளே இருப்பவற்றை மதிப்பெண் வரிசையில் வைத்திருக்கும் சார்ட்டட் செட். ‘இசட்ஆட் வினாடிவினா 82 கயல் 91 இனியன் 77 செல்வி’ என்று போட்டுவிட்டு, ‘இசட்ரேஞ்ச் வினாடிவினா 0 1 ரெவ் வித்ஸ்கோர்ஸ்’ கேளுங்கள். இனியன், கயல் என்று முதல் இருவரும் மதிப்பெண்ணோடு வருவார்கள். வரிசைப்படுத்த நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

எல்லாம் மெமரியில்தானே, கரன்ட் போனால்? ரெடிஸ் அவ்வப்போது டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் முழு நகல்) எடுக்கும். இயல்பான அமைப்பில், 60 வினாடியில் 10,000 மாற்றம், 300 வினாடியில் 100 மாற்றம், 3600 வினாடியில் 1 மாற்றம் என்ற மூன்றில் எது நடந்தாலும் எடுக்கும். கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியது போய்விடும். ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பில் எழுதிவைக்கும் ‘அப்பெண்ட்ஒன்லி’யை இயக்கினால் இழப்பு சுமார் ஒரு வினாடிக்குக் குறையும். ஓடிபி போனால் மறுபடி அனுப்பலாம். பணக் கணக்கு என்றால் அதன் இடம் போஸ்ட்கிரஸ் போன்ற, டிஸ்க்கில் வைக்கும் டேட்டாபேஸ், ரெடிஸில் இருப்பது அதன் நகலாக மட்டும் இருக்கட்டும்.

மெமரிக்கு எல்லை வைக்கவும் மறக்காதீர்கள். ‘மேக்ஸ்மெமரி’ வைத்துவிட்டு, அதற்கான பாலிசியை ‘நோஎவிக்‌ஷன்’ என்றே விட்டால், நிரம்பியதும் எழுதும் கட்டளைகளுக்குப் பிழைதான் பதில். வெறும் கேஷ் (போனாலும் மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடிய தற்காலிக நகல்) என்றால் ‘ஆல்கீஸ்-எல்ஆர்யூ’ வையுங்கள். நெடுநாள் தொடாத கீக்களை அதுவே நீக்கி இடம் கொடுக்கும்.

இவ்வளவும் கைக்கு வந்தபின் லைப்ரரியைத் திறக்கலாம். உங்கள் அப்ளிகேஷனில் அடிக்கடி ஓடும் மெதுவான டேட்டாபேஸ் குவெரி ஒன்றை எடுத்து, அதன் விடையை 60 வினாடி ஆயுளோடு ரெடிஸில் வையுங்கள். மறுநாள் ‘இன்ஃபோ ஸ்டாட்ஸ்’ கொடுத்து, கீஸ்பேஸ் ஹிட்ஸ் (தேடிய கீ கிடைத்த தடவைகள்), மிஸ்ஸஸ் (கிடைக்காத தடவைகள்) இரண்டையும் பாருங்கள். மிஸ்ஸஸ் அதிகமாக இருந்தால் ஆயுளைக் கூட்டிப் பாருங்கள், அதற்கு முன் கீயின் பெயரில் நேரமோ செஷன் எண்ணோ கலந்து ஒவ்வொரு முறையும் புதுக் கீ உருவாகிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.