உப்புத் தண்ணீர் ஊரில் சிலந்திப்பேனை ஒழிப்பது எப்படி?

போன கத்திரி வெயிலில் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் நின்ற அரேகா பாம் வெளிற ஆரம்பித்தது. இலை முழுக்க ரவையைத் தூவிவிட்ட மாதிரி பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. காம்பு சந்தில் லேசாக ஒட்டடை. "இன்னா புழுதி பாரு, செடி எப்பிடி நல்லா இருக்கும்?" என்று அம்மா ஒரு பழைய பனியன் துணியை நனைத்து வீட்டில் இருந்த அத்தனைச் செடியையும் துடைத்து வைத்தார். பத்தே நாளில் ஆல்காசியா, ஐவி, பால்கனிச் செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் அதே புள்ளி. வந்தது புழுதி இல்லை, சிலந்திப்பேன். அதை ஒவ்வொரு செடியிலும் குடிவைத்ததே அந்தப் பனியன் துணிதான்.

ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். எது வேலை செய்தது, எங்கே சறுக்கினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில் உறுதி செய்யுங்கள்

வெள்ளைத் தாள் ஒன்றை இலைக்கு அடியில் பிடித்து, இலையை நாலு தட்டுத் தட்டுங்கள். மிளகாய்த்தூள் அளவுக்குத் துகள்கள் விழும். பத்து எண்ணும்வரை தாளை ஆட்டாமல் வைத்திருங்கள். துகள் அப்படியே கிடந்தால் தூசி, நடந்தால் சிலந்திப்பேன். நான் தட்டியபோது பதினைந்து இருபது நடந்தன. விரலால் தேய்த்தால் பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு இழுக்கும்.

முழுதாக வளர்ந்தாலே அரை மில்லிமீட்டர்தான். எட்டுக் கால், அதாவது பூச்சி இனம் இல்லை, சிலந்தி வகை. இது தெரியாமல் உரக்கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்டு, அவர்கள் கொடுத்த இமிடாகுளோப்ரிட்டை இரண்டு தடவை அடித்தேன். அது சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. சிலந்திப்பேன் சாகாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும். காசும் போய் இரண்டு வாரமும் போயிற்று. புரோபர்கைட், ஸ்பைரோமெசிஃபென் மாதிரி சிலந்திக்கொல்லிகள் உண்டு. ஆனால் அவை வயலுக்கு. குழந்தை தூங்கும் ஏசி அறையில் அதை அடிப்பதா? என் வீட்டில் கிடையாது.

2. குளிப்பாட்டுங்கள்

செடியைத் தனியாகப் பிரித்து, மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். தொட்டி மண்ணை பாலிதீன் பையால் மூடிக் கட்டிவிட்டு குளியலறைக்குத் தூக்கிப் போங்கள். இதற்கு ஹெல்த் ஃபாசெட்டை விடச் சிறந்த கருவி எதுவும் இல்லை. செடியைச் சாய்த்து, இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள். பாதிப் படை இங்கேயே சாக்கடையில் போய்விடும். கழுவுவதற்கு உப்புத் தண்ணீரே, அதாவது நம் போர் தண்ணீரே, போதும்.

3. சோப்புக் கரைசல் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

எல்லோரும் சொல்கிற அளவுதான்: ஒரு லிட்டர் தண்ணீர், 5 மில்லி திரவ சோப்பு (பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இல்லை), 5 மில்லி வேப்பெண்ணெய். நானும் போர் தண்ணீரில் கலக்கினேன். அடுத்த நிமிடம் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. ஸ்பிரே பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்திக் குத்தி அடித்து முடித்தேன். காய்ந்ததும் இலைமேல் சுண்ணாம்பு பூசின மாதிரி படலம், அதன்மேல் சிலந்திப்பேன்கள் உலாத்திக்கொண்டிருந்தன!

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். அப்புறம் அந்தக் கரைசலில் சிலந்திப்பேனைக் கொல்ல சோப்பே மிச்சம் இருக்காது. நம் ஊர் போர் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். ஆனால் செடிக்கு மருந்து கலக்கும்போது எனக்கு ஏனோ அது தோன்றவில்லை.

ஆகவே முதலில் சோதனை. சின்ன பாட்டிலில் பாதித் தண்ணீர், நாலு சொட்டு சோப்பு, மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு அங்குலம் நின்றால் சரி. நுரை அடங்கித் திப்பி மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வையுங்கள், மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. நான் பயன்படுத்துவது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பே இருக்காது. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தால் கோடையில் ஒரு ராத்திரிக்கே வேண்டிய அளவு கிடைக்கும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். முதலில் சோப்பையும் எண்ணெயையும் மட்டும் நன்றாக அடித்துக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். மோர் மாதிரி வெளுக்க வேண்டும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய்தான் போகும், இலை கருகும். வேப்பெண்ணெய்க்கு நாட்டு மருந்துக்கடையில் செக்கு எண்ணெயாகக் கேளுங்கள். நாற்றம் இரண்டு நாள் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

4. அடிப்பது

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், காய்ந்தால் அவ்வளவுதான். இலையின் அடிப்பக்கம், நடு நரம்பு ஓரம், காம்பு சந்து எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். பெரணி, சதைப்பற்றுச் செடி இருந்தால் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

5. திரும்ப அடிப்பது

முட்டையைச் சோப்பு முழுதாகக் கொல்லாது. நம் கோடைச் சூட்டில் மூன்று நாளில் பொரித்துவிடும், ஒரு வாரத்தில் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். அதனால் முதல் நாள், 4, 7, 10, 13 என்று காலண்டரில் வட்டம் போட்டு அடியுங்கள். ஏழாம் நாள் ஒன்றுமே கண்ணில் படாது. நான் அங்கேதான் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இடையில் உரம் வேண்டாம். தழைச்சத்து ஏறிய இளம் இலை அதற்கு விருந்து.

பிற்சேர்க்கை: "பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போர் தண்ணீரிலேயே நன்றாக நுரைக்கிறதே, அதை ஊற்றலாமா?" என்று ஒருவர் கேட்டார். பதில் போடுவதற்குள் ஊற்றியும்விட்டார், பீஸ் லில்லி ஓரமெல்லாம் கருகிவிட்டது. அது சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். அதனால்தான் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது மாதிரியே இலையின் மெழுகையும் எடுத்துவிடும்.

இன்னொன்று: எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குக் கந்தகத் தூள் கரைசல் அடிக்காதீர்கள், இலை பொசுங்கும். வெறும் கந்தகமே நம் மே மாத வெயிலில் இலையைச் சுடும்.

மற்றொன்று: தினமும் இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏசி அறையில் அது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். அதற்குப் பதில் ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்து செடியை நகர்த்துங்கள். இலவம்பாடி பக்கத்திலிருந்து கத்திரிக்காய்த் தோட்டத்துக்கு இதே முறை ஆகுமா என்று கேட்டவருக்கு: அங்கேயும் இதே சிலந்திப்பேன் வரும்தான், ஆனால் ஏக்கர் கணக்குக்கு ஸ்பிரே பாட்டில் ஆகாது. வேளாண் அலுவலரைப் பாருங்கள்.

புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். புதுக் குருத்தைப் பாருங்கள். என் ஐவி பிழைக்கவில்லை. அரேகாவில் மூன்று குருத்து சுத்தமாக வந்திருக்கிறது. பனியன் துணியை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன்.