மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோவுக்கு விலை சொல்வது எப்படி

"பாஸ், கல்யாண வீடியோ எவ்வளவு?" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே ஓர் எண்ணைத் தட்டி அனுப்பிவிடாதீர்கள். அது அடுத்த நிமிடம் குடும்பக் குழுவுக்குப் போய்விடும். அப்புறம் அந்த விலையிலிருந்து இறங்கலாமே தவிர ஏற முடியாது.

முதலில் காசு கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் பேசுகிறவர் ஒருவர், கொடுக்கிறவர் வேறொருவர். பெண்ணின் தங்கை ட்ரோன் வேண்டும், ஸ்லோமோஷன் வேண்டும் என்று அடுக்குவாள். கொடுக்கப்போவது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா. அவர் மனக்கணக்கில் ட்ரோனே இருக்காது. கொட்டேஷனை மாமா பெயருக்கு எழுதுங்கள். அவரே "சரி" என்று பதில் போட்ட பிறகு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் "எங்களுக்கும் ஒரு காப்பி" என்பார்கள். எத்தனை பென்டிரைவ், யார் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

அடுத்தது நேரம். "ஒரு கல்யாணம்தானே" என்பார்கள். விசாரித்தால் முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்து வீட்டில் நலங்கு, விடியற்காலையில் பெண் அலங்காரம், கோயிலில் தாலி, ராத்திரி டேவானில், அதாவது மண்டபத்தில், விருந்து. ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் எழுதி, அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு என்றும் போடுங்கள். டேவானில் எட்டு மணிக்கு விருந்து என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது ஒன்பதரை ஆகிவிடும்.

இப்போது கணக்கு. கேமராவும் லென்ஸும் 8,000 ரிங்கிட், நான்கு வருடம் ஓடும், வருடத்துக்கு 40 வேலை வரும் என்று வையுங்கள். ஒரு வேலைக்கு 50 ரிங்கிட் தேய்மானம். இதை யாரும் போடுவதில்லை. அதனால்தான் கேமரா பழுதானதும் கூட்டாளியிடம் கடன் கேட்கிறோம். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். இந்தச் செலவு வாடிக்கையாளருடையது, உங்களுடையது அல்ல.

இரண்டாவது கேமராவுக்கு வருகிற தம்பிக்குச் சோறும் பெட்ரோலும் போதும் என்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவனுக்கும் ஒரு நாள் கூலி போடுங்கள். போட்ட பிறகு, "நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அந்தத் தாளத்தை ஒட்டியே மினுக்கும். அவன் தன் விருப்பத்துக்கு 30 ஃபிரேமில், அறுபதில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்து வந்தால் டேவான் விளக்கெல்லாம் திரையில் படபடக்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்யும் நாட்களுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

"ஈப்போவில் ஒருத்தர் பாதி விலைக்கு எடுக்கிறார்" என்பார்கள். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். நலங்கை விடலாம், ஒரு கேமராவை விடலாம். எதை விடுவது என்று கேட்டதும் பாதிப் பேர் பழைய விலைக்கே திரும்பி வருகிறார்கள்.

முன்பணம் பாதி. மீதி, கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குள். "மொய் எண்ணினதும் தருகிறோம்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அந்த நேரத்தில் டேவான் பின்னால் போய்ப் பாருங்கள். மடக்கு மேசையில் அங்பாவ் உறைகள், அதாவது மொய்ப்பண உறைகள், குவிந்திருக்கும். ஒரு சித்தப்பா உறையைக் கிழித்து நோட்டை ரப்பர் வளையத்தில் போட, இன்னொருவர் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார். எதிரே சமையல்காரர், பந்தல்காரர், உறுமி மேளத்துப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். வீடியோக்காரர் கடைசி ஆள், டிரைபாட் தோளில். உங்கள் முறை வரும்போது சித்தப்பா நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, "தம்பி, நாளைக்கு வா" என்பார்.

வெட்டாத காட்சிகள் யாருக்குச் சொந்தம் என்பதை எழுதாமல் விடாதீர்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வேலையின் உரிமை சொன்னவருக்கே போய்விடும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. எடுத்தவன் நான்தானே என்று உங்கள் விளம்பரத்தில் மணப்பெண் முகத்தைப் போட்டால் சிக்கல். "ஒரு நிமிடத் துண்டை என் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்வேன்" என்று ஒரு வரி எழுதி அவர்கள் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். சினிமாப் பாட்டு போட்ட வீடியோவை அவர்கள் யூடியூப்பில் ஏற்றி அது தடைபட்டால் நீங்கள் பொறுப்பல்ல என்பதும் இருக்கட்டும். நான் கோயிலில் நாதஸ்வரத்தைத் தனி ரெக்கார்டரில் பிடித்து அதையே போடுகிறேன். கேட்கவும் நன்றாக இருக்கிறது.

தொழிலைப் பதிவு செய்வது சுலபம். சொந்தப் பெயரில் என்றால் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி செய்யும் எண்ணம் இருந்தால் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமம் கேட்பார்கள், அதை முன்கூட்டியே பாருங்கள். ட்ரோனுக்கு அனுமதி வாங்கும் அலைச்சல் தனி. அதை நான் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுவேன், பாதிப் பேர் அந்த வரியைப் பார்த்தே ட்ரோனை மறந்துவிடுகிறார்கள்.

ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் வெளிப்புறப் படம் எடுக்கத் தோட்ட அலுவலகத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வாசலில் காவலாளி பட்டுப் புடவையோடு திருப்பி அனுப்பிவிடுவார். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் சிவந்து இலை உதிர்க்கும், அப்போது "கொரியா மாதிரி" வேண்டும் என்று ஆள் வரும். செம்பனையடியில் என்றால் நடுப்பகலிலும் இருட்டு. விளக்கு வாடகையைச் சேருங்கள்.

ஆடியில் கல்யாணம் இருக்காது, கோயில் திருவிழா இருக்கும். அதை எடுத்தால் கோயில் நிர்வாகம் தரும் காசோலையில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட வேண்டும். காசை ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். புது நிர்வாகம் வந்தால் பழைய பில்லை யாரும் தொடமாட்டார்கள்.