யாருமில்லாத இடத்தில் வைஃபை கேமரா திணறுகிறதா?

சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடுகூட இல்லை. அங்கே வைஃபைக்கு யார் இடைஞ்சல் செய்யப் போகிறார்கள்? இப்படி நினைத்தே இரண்டு வாரத்தை வீணாக்கினேன். வாசல் கேமராவில் படம் உறையும், வரும், மறுபடி உறையும். கேமராவை ரவுட்டரோடு இணைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

முதலில் கேமரா இருக்கும் இடத்தில் ஆண்ட்ராய்டு போனைப் பிடித்து, வைஃபை அனலைசர் வகைச் செயலியில் சிக்னலைப் பாருங்கள். எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை, 67 வரை பரவாயில்லை. 75-ஐத் தாண்டினால் தூரமோ தகரத் தடுப்போ காரணம். ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள்.

எனக்கு மைனஸ் 58. சிக்னல் நன்றாக இருக்கிறது, படம் மட்டும் உறைகிறது! இங்கேதான் நான் ஏமாந்தேன். ரவுட்டரின் குரல் கேமராவுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். ஆனால் படம் போவது எதிர்த்திசையில். ரவுட்டரின் காதருகே இரைச்சல் இருந்தால், தூரத்துக் கேமராவின் குரல் அதற்குக் கேட்காது.

அந்த இரைச்சல், பதிவுகளைச் சேமிக்க ரவுட்டரில் நானே செருகியிருந்த யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். வேலை செய்யும்போது அதுவும் அதன் ஒயரும், கேமராவின் வைஃபை பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சல் கிளப்பும். நல்ல ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள ஒயர் போட்டு டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன், அன்றே சரியானது. ரவுட்டர் செட்டிங்கில் யூஎஸ்பி 2.0-க்கு மாற்றும் வசதி இருந்தால் இன்னும் சுலபம்.

உங்களிடம் டிஸ்க் இல்லையா? மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக அணைத்து, பத்து நிமிடம் படத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

அப்புறம் சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் வைஃபை பேசும் பாதை: ரவுட்டர் செட்டிங்கில் ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலானவை அதே சேனலில் எல்லாவற்றையும் இரண்டு முறை பேசும். 100 மீட்டருக்குள் என்றால் நான் ஈதர்நெட் ஒயரைத்தான் இழுப்பேன்.

பின்சேர்க்கை: "இரவில் மட்டும் கேமரா இணைப்பு அறுகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பெரும்பாலும் வைஃபை கோளாறே இல்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். நீளமான மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து மறுபடி எழும். ஓர் இரவு அந்த விளக்குகளை அணைத்துப் பாருங்கள். அறுபடாமல் ஓடினால், அடாப்டரையும் ஒயரையும் மாற்றுங்கள்.