4294967297: பகா எண் என்று எழுதும் முன்

பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, இது பகா எண்ணா பகு எண்ணா என்று கேட்டால் எங்கெல்லாம் சறுக்குவோம்? 4294967297 ஒன்றை வைத்தே காட்டிவிடலாம். இது 2³² + 1.

முதலில் சறுக்கியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 போட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து அடுக்கு 32. இதுவும், இதற்குப் பின்னால் வருபவை எல்லாமும் பகா எண்களே என்று 1640-ல் அவர் நம்பினார். 1732-ல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். ஐந்து ஒத்துவந்ததும் ஆறாவதைச் சோதிக்காமல் விடுவது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறல்ல.

சின்ன எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்து நிறுத்துவது இன்னொன்று. கடைசி இலக்கம் 7, அதனால் 2-ம் 5-ம் இல்லை. இலக்கங்களின் கூட்டல் 59, ஆக 3 இல்லை. 7, 11, 13-உம் வகுக்கவில்லை. சரி, பகா எண் என்று எழுதிவிடுகிறோம். வர்க்கமூலம் வரை போயாக வேண்டும். இங்கே அது 65536-ஐத் தொட்டு நிற்கிறது. அதற்குள் 6542 பகா எண்கள். அத்தனையாலும் வகுப்பதும் வீண் வேலைதான். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும் என்று ஆய்லர் நிறுவியிருக்கிறார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே காரணி கிடைத்துவிடுகிறது.

641 வகுக்கும் என்பதை நீள் வகுத்தலே இல்லாமல் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 641 = 5 × 2⁷ + 1. அதனால் 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

அதிகம் பேர் ஏமாறுவது ஃபெர்மா சோதனையில். ஒற்றைப்படைப் பகா எண் என்றால், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். இதைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. நம் எண்ணில் 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. சோதனைக்கு வேண்டிய அடுக்கு 4294967296. அது 64-இன் மடங்கு. ஆக மீதி 1 வந்தே தீரும், பகு எண்ணாக இருந்தாலும். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துப் பார்த்தால் மீதி 1 வராது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் 4294967295 வரைதான் அடங்கும். நம் எண்ணை அதில் போட்டால் 1 என்று பதிவாகும், அப்புறம் எந்தச் சோதனை செய்தும் பயனில்லை. 64 பிட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரணி கிடைத்ததும் நிறுத்திவிடவும் கூடாது. 6700417-ஐயும் சோதிக்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது; அதுவரை எதுவும் வகுக்காததால் அது பகா எண். ஆகவே நம் எண்ணுக்கு வகுத்திகள் நான்கே. அதைவிடச் சிறிய, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று கேட்டால் பலர் ஒன்றைக் கழித்து 4294967296 என்கிறார்கள். அது பகா எண்ணுக்கான விடை. இங்கே 640 × 6700416, அதாவது 4288266240.

பகு எண் என்று தெரிந்துவிட்டால் காரணியும் தெரிந்திருக்கும் என்று நினைப்பதும் தவறுதான். அடுக்கை இரட்டித்துக்கொண்டே போகும் இதே குடும்பத்தைச் சேர்ந்த 2¹⁰⁴⁸⁵⁷⁶ + 1 ஒரு பகு எண் என்று நிறுவியாகிவிட்டது. 315653 இலக்கங்கள் கொண்ட அதற்கு ஒரு காரணிகூட இதுவரை கிடைக்கவில்லை.